ஆறிய இன்ஜின்

"நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

பழைய லாரி பார்க்கக் கூப்பிடுகிற எல்லோரிடமும் அந்த மெக்கானிக் போனில் முதலில் சொல்வது இதுதான். விலை என்ன, எத்தனை வருட வண்டி என்பதெல்லாம் அப்புறம். நாமக்கல்லில் சேலம் சாலையோரம் பட்டறை வைத்திருக்கிறார். விற்பவர் முன்கூட்டியே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்துவிட்டால், காலையில் மக்கர் செய்யும் பம்ப்பும், முதல் சில நிமிடங்கள் மட்டும் கக்கும் நீலப்புகையும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் விடிகிற நேரத்துக்கே போய்விடுகிறார். இன்ஜின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். சில்லென்று இருந்தால்தான் மற்ற வேலை.

அன்று அவர் கூட இருந்தவர்கள் ராசிபுரம் பக்கத்து டிரைவரும் அவர் மனைவியும். டிரைவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிறர் வண்டி ஓட்டுகிறவர். இருவரும் சேர்த்து வைத்த பணம் ஆறரை லட்சம். "நகைய அடகு வைக்கிற பேச்சே இல்லீங்க" என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். கணக்கு நோட்டு அவர் கையில்தான் இருந்தது.

மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத இந்த வட்டாரத்தில், டிரைவராகப் போய் ஓனராகத் திரும்புவது இரண்டு மூன்று தலைமுறையாக நடந்துவருகிற காரியம். நாமக்கல்லின் கேஸ் டேங்கர்கள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள், சங்ககிரியின் லாரிகள் பலவற்றின் பின்னாலும் இப்படி ஒரு டிரைவர் இருப்பார். ஆனால் பத்து வீல் புது வண்டி பாடி கட்டி வெளியே வருவதற்குள் 35 லட்சத்தைத் தொடுகிறது. பத்துப் பன்னிரண்டு வயதான வண்டி அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கையில் ஆறரை லட்சம் உள்ளவருக்குத் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான்.

முதலில் பார்த்தது ஆறு வீல் வண்டி, 2014 மாடல். புதுப் பெயின்ட், நல்ல டயர், விலையும் குறைவு. டிரைவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மெக்கானிக் இன்ஜினில் குறை சொல்லவில்லை. ஆர்சியைப் புரட்டிவிட்டு, "இது வேண்டாம் தம்பி" என்றார். காரணம் மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயது முடிந்தால் நேஷனல் பெர்மிட் கிடையாது. மூன்று ஆக்சிலும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு 15 வயது வரை உண்டு. இந்த ஆறு வீல் வண்டிக்கு அந்த வயது நெருங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஜல்லி, செங்கல் என்று உள்ளூரிலேயே ஓட்ட வேண்டியதுதான். டியூ மட்டும் மூன்று வருடம் கட்டியாக வேண்டும். விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான். விற்பவர் அதை வாய் திறந்து சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்தது அதே 2014-இல் பதிவான பத்து வீல் அசோக் லேலண்ட் 2518. பார்வைக்குப் பரிதாபமாக இருந்தது. பாடியின் பக்கப் பலகைகள் உளுத்திருந்தன, கேபின் கதவு கயிற்றில் நின்றது. இங்கேதான் மெக்கானிக் நிதானமாக வேலை செய்தார். முதல் சாவிக்கே இன்ஜின் பிடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் கையைக் குவித்து வைத்தார். ரிங்கும் லைனரும் தேய்ந்திருந்தால் அங்கே புகை குபுகுபுவென்று கையை முட்டும். இங்கே மெல்லிய ஆவிதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். பிறகு அடியில் படுத்தார். பின் ஸ்பிரிங் தாங்கிகள் சேசிஸில் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். அதிக லோடு அடித்த வண்டிகள் விரிசல் விடுவது அங்கேதான். விரிசலை வெல்டிங் வைத்து, மேலே கருப்புப் பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். எங்கும் ஒரே மாதிரி கணீரென்று கேட்டது.

சேசிஸ் நம்பரை மட்டும் இரண்டு முறை பார்த்தார். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்து நம்பரை எடுத்தார். ஆர்டிஓ ஆபீஸிலும் இப்படித்தான் எடுப்பார்கள். எழுத்துகளின் ஆழம் ஒன்றுபோல இருக்கிறதா, ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பிறகு டிரைவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தமும் விடும்போது வேறு சத்தமும் வந்தால் கிரவுனில் பல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை.

பிஎஸ்-3 வண்டி என்பதால் இதில் யூரியாக் கரைசல் ஊற்றும் ஏற்பாடோ அதற்கான சென்சாரோ கிடையாது. நடுவழியில் நின்றாலும் பக்கத்து ஊர் பம்ப் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்துவிடுவார். சிறிய ஓனருக்கு இது பெரிய விஷயம். குறையும் உண்டு. ஆர்சிப்படி மொத்த எடை 25 டன். வண்டியின் சொந்த எடை போக ஏற்றக்கூடியது 15, 16 டன். புது மூன்று ஆக்சில் வண்டிகளுக்கு 2018-இல் 28.5 டன்னாக உயர்த்திவிட்டார்கள். புது வண்டியோடு போட்டி போட ஓவர்லோடு ஏற்றினால், 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு தடவை மாட்டினால் ஒரு நடை லாபம் போய்விடும்.

விலை ஒன்பது லட்சத்தில் முடிந்தது. நாலு லட்சம் கைப்பணம், ஐந்து லட்சம் ஃபைனான்ஸ்.

பழைய லாரிக்கும், சம்பளச் சீட்டு இல்லாத டிரைவருக்கும் ஒரு காலத்தில் வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. அவர்களை நம்பலாம் என்று முடிவெடுத்து 1979-இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஆர். தியாகராஜன். செகண்ட்ஸ் வண்டிக் கடன் ஒரு முறையான தொழிலாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று ஊருக்குப் பத்து ஃபைனான்ஸ் கம்பெனி. அன்று இவர்கள் போனது ஒரு சின்ன உள்ளூர் ஆபீஸ். "நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிதான்" என்றார்கள். 36 மாதத்துக்கு வட்டி 1,80,000, மாதம் சுமார் 18,900 டியூ. அந்த அம்மா நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாதி அசல் கட்டுன பின்னாலயும் முழு அஞ்சு லட்சத்துக்கா வட்டி?" அதுதான் விஷயம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 21 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. பேசிப் பேசி, முன்கூட்டி முடித்தால் மீதி வட்டியைத் தள்ளுபடி செய்வதாக எழுதி வாங்கினார். எனக்குத் தெரிந்து அன்று அவர்கள் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

பெயர் மாற்றத்தையும் அந்த அம்மா விடவில்லை. படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பழைய பெயரிலேயே ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவருக்கும் இதைச் சொன்ன பிறகு அவரே ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்து நின்றார்.

வண்டி பாடி பட்டறைக்குப் போனது. கொல்லருக்குத்தான் முதல் வேலை. தொய்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் வளைவு ஏற்றி, எண்ணெயில் முக்கினார். இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நடுவில் கீற்றுபோல ஒளி தெரிந்த இடத்தில் மறுபடி அடித்தார். அளவுகோல் எதையும் அவர் தொடவில்லை. தச்சர் உளுத்த பலகைகளை மட்டும் மாற்றினார். நல்லதைப் பிடுங்கிப் போட்டுக் கூலி ஏற்றவில்லை. வெல்டிங் செய்த பையன் பீகாரிலிருந்து வந்தவன். எங்கே அதிக சூடு காட்டினால் ஆங்கிள் கோணிக்கொள்ளும் என்பதைக் கொல்லர் அவனுக்குச் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். டிரைவர்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டிய வசதி. அதே சமயம், புதுக் கேபின் கட்டும் வேலை மெல்லக் கம்பெனிகள் பக்கம் போய்விடும் என்று பட்டறைக்காரர் கவலைப்படுகிறார். பழைய வண்டிகளின் ரிப்பேர்தான் இந்தக் கொல்லருக்கும் தச்சருக்கும் மிஞ்சப்போகும் வேலை. இவர்களுடைய கைவேலையை எந்த ஐடிஐ பாடத்திலும் நான் பார்த்ததில்லை. அதை யாராவது இப்போதே முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பட்டறைக் கூலி, 44,000 ரூபாயை ஒட்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதன் மேல் வரி, எஃப்சி (தகுதிச் சான்று) செலவு எல்லாம் போக ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம் மிஞ்சியது. எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு எஃப்சி வருடா வருடம் காட்ட வேண்டும் என்பதையும் அந்த அம்மா நோட்டில் குறித்துக்கொண்டார்.

புக்கிங் ஆபீஸில் முதல் நாளே ஜவ்வரிசி லோடு ஒன்று காத்திருந்தது, மகாராஷ்டிராவுக்கு. வாடகை ஆசை காட்டியது. போகும்போதே 300 லிட்டருக்கு மேல் டீசல் ஆகும். பாதி வாடகைதான் அட்வான்ஸ், மீதி ரசீது திரும்பி வந்த பிறகு. ரிட்டர்ன் லோடுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று புக்கிங் ஆபீஸ்காரராலும் சொல்ல முடியவில்லை. டிரைவர் யோசித்துவிட்டுத் தாவணகெரேயைக் கேட்டார். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் ஒரு வழிக்கு 125 லிட்டரில் முடியும். திரும்பும் லோடு சொந்த ஊருக்கே.

"பின்னாடி ரெண்டு டயர் ரீபட்டன் போட்டது. அத மாத்துன அப்புறம் மகாராஷ்டிரா போறனுங்க" என்று சொல்லிவிட்டு, தாவணகெரே போகிற வழியில் பெங்களூரு வரைக்கும் ஒரு சிமென்ட் லோடுக்குச் சீட்டு வாங்கினார்.