கீழே குடித்த மூச்சு

சிலிண்டர் கட்டி முங்கப் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் என்னிடம் கிடைப்பது ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும்தான். ரெகுலேட்டரைக் கழுவச் சொல்வேன். முகம் சுருங்கும். உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு சொட்டுக் கடல்நீர் காய்ந்தால் மிஞ்சுவது என்ன என்று சொல்லித்தர வேண்டுமா? அந்த மிச்சம் உள்ளே ஊசிமுனை அளவு உட்கார்ந்தாலும் போதும், காற்று நிற்காமல் பீறிடும். கழுவும்போது தூசி மூடியை இறுக்கியிருக்க வேண்டும். நடுவில் இருக்கிற பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால் கழுவுகிற தண்ணீரே குழாய் வழியாக மேலேறிவிடும். இதை நான் ஒரு ரெகுலேட்டரைப் பாழாக்கிக் கற்றேன். அதன் விலை என் சங்குப் பங்கில் எட்டு மாதம் கழிந்தது.

எங்கள் வீட்டில் எனக்கு முந்தியவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள். மூச்சை அடக்கு, கல்லோடு போ, ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்டதை அள்ளு, கயிற்றை ஆட்டு, கயிறு பிடிக்கிறவன் மேலே தூக்குவான். 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பை அப்பா சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகு முத்துப் பார்களில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி விளையவில்லை. சங்குதான் சோறு போட்டது. நம் கடலில் எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரைக்கும் குளி. கச்சான் காற்று ஏறிவிட்டால் அடி கலங்கிவிடும், கையை நீட்டினால் கை தெரியாது.

சங்கு மணலுக்குள் ஊர்கிற உயிர். போன வழியில் ஒரு தடம் விட்டுப் போகும். தடம் முடிகிற இடத்தில் மணல் லேசாகப் புடைத்திருக்கும். அதைப் பார்க்கக் கண் பழக எனக்கு இரண்டு பருவம் ஆனது. அதுவரைக்கும் மாமா நிறைத்த வலைப்பையை மேலே அனுப்புவதே என் வேலை.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. எனக்குத் தொழில் சொன்னவர். அவர் அடியில் காலை ஆட்டியே நான் பார்த்ததில்லை. மணலைக் கலக்காமல், இரண்டு விரலை ஊன்றி ஊன்றி நகர்வார். நான் ஒரு சிலிண்டரைத் தீர்த்துவிட்டு வள்ளத்தில் உட்கார்ந்திருப்பேன், அவருடைய குமிழி இன்னும் வந்துகொண்டிருக்கும்.

எனக்குப் பதினெட்டு வயது. ஒன்பது பாகம் ஆழம். அன்றைக்கு மூன்றாவது முங்கு. அப்போது எங்கள் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் மீட்டர் கிடையாது. இழுக்கும்போது மூச்சு கனத்தால் காற்று தீரப்போகிறது என்று அர்த்தம். நல்ல தடம் ஒன்று அகப்பட்டது. மூச்சு கனத்த பிறகும் தடத்தை விடவில்லை. சங்கைப் பிடுங்கினேன், அடுத்த இழுப்புக்குக் காற்று வரவில்லை. பயத்தில் பரம்பரைப் புத்தி வந்துவிட்டது. இருக்கிற மூச்சை அடக்கிக்கொண்டு மேலே உதைத்தேன்.

மாமா கணுக்காலைப் பிடித்து இழுத்தார். நெஞ்சில் ஒரு குத்து விட்டார். குமிழி பொங்கிக்கொண்டு போனது. தன் ரெகுலேட்டரை என் வாயில் வைத்தார், எடுத்தார், தன் வாயில் வைத்துக்கொண்டார். அப்படி மாற்றி மாற்றி மேலே வந்து சேர்ந்தோம். வள்ளத்தில் ஏறியதும் சொன்னார்: “ஏலே, கீழ குடிச்ச மூச்ச மேல கொண்டு வராத. வுட்டுக்கிட்டே வா.”

கல் கட்டி இறங்கினவன் கொண்டுபோன மூச்சு கரை மூச்சு. கீழே நசுங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு விரியும். சிலிண்டர்க்காரன் கீழே வைத்தே குடிக்கிறான். பத்து மீட்டர் ஆழத்தில், நம் கணக்குக்கு ஐந்தரைப் பாகம், ஒரு நெஞ்சு நிறைய இழுத்தால் மேலே வரும்போது அது இரண்டு நெஞ்சுக் காற்று. அடக்கினால் நுரையீரல் கிழியும். அப்பா எனக்கு ஊட்டிய அடக்கத்தை நான் மறக்க வேண்டியிருந்தது. நன்றாக நீந்தத் தெரிந்த மீனவப் பிள்ளைகளுக்கே இது கஷ்டம். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற ஊர்ப்பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

அன்றைக்கு நுரையீரல் தப்பியது. ராத்திரி இடது தோள் நொந்தது. மூன்று முங்கில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டில் தங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியம், மறுபடி கீழே போய் இருந்துவிட்டு வா என்பது. அப்படிப் போய்க் கால் விளங்காமல் வந்தவரை எனக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள். ஆக்சிஜன் கொடுத்து, அழுத்தக் கூண்டு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் என்பதை இறங்குவதற்கு முந்தியே விசாரித்து வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். அந்தத் தோளில் இன்றும் நான் சிலிண்டர் ஏற்றுவதில்லை.

காற்றையும் மோந்து பார்க்க வேண்டும். கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய் காற்று வருகிற பக்கம் இருக்கணும், இன்ஜின் புகை போகிற பக்கம் இருக்கக் கூடாது. வள்ளம் திரும்பினால் காற்றும் திரும்பும் என்பதை மறந்து ஒருநாள் நான் நிரப்பிய சிலிண்டரில் இரண்டு பேருக்குத் தலைவலியும் வாந்தியும். கரியமில வாயுவைவிடக் கொடியது இன்ஜின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே இல்லை. அதனால் புகை வாடையோ எண்ணெய் வாடையோ துளி இருந்தாலும் அந்தச் சிலிண்டரைத் திறந்துவிட்டுக் காலி செய்துவிடுவேன். டீசல் காசு போனால் போகட்டும்.

காற்றுக்கு எடை உண்டு என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பதினொரு லிட்டர் அலுமினியச் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே இருக்கிற காற்று மட்டும் இரண்டரைக் கிலோ வரும். முங்கு முடிகிற நேரத்தில் அது போய்விடும், சிலிண்டர் மிதக்கப் பார்க்கும், ஐந்து மீட்டரில் நிற்க முடியாமல் மேலே தூக்கிவிடும். இடுப்பு ஈயத்தைக் கடைசி 50 பாரை வைத்துக் கணக்குப் பார்க்கணும். அதிகம் கட்டுவதும் தப்புதான்: அடியில் முழங்காலால் உழுதுகொண்டு போவார்கள். எங்கள் கடலில் அப்படி உழக் கூடாது: வான் தீவு, காசுவார் பக்கமெல்லாம் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அதன் 21 தீவிலும் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளத்தைத் தொடாதே, கடல் அட்டையை எடுக்காதே.

முத்துக்குளிக்கிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று ஊரில் சொல்வார்கள். தங்கச்சியோ அக்காவோ தாலி அறுக்க எவன்தான் விடுவான்? என் கயிறும் மச்சான் கையில்தான் இருந்தது. எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரு வருஷம் போனது, பாகப்பிரிவினைத் தகராறு. அந்த வருஷமும் அவர்தான் பிடித்தார். நான் மேலே வரும்வரை வெற்றிலை போட மாட்டார்.

இப்போது வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: “அண்ணே, சாயந்திரம் வாகைக்குளத்தில் ஃப்ளைட். காலையில் ஒரு டைவ் போகலாமா?” ஒரு முங்குக்கு 12 மணி நேரமாவது, பல முங்குக்கு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. நான் முழு ஒரு நாள் என்பேன். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற கொடைக்கானலுக்குக் காரில் ஏறினாலும் அதே கதைதான். பணத்தை வாங்கிக்கொண்டு கூட்டிப்போக ஆள் கிடைக்கும். நான், “டிக்கெட்ட நாளைக்கு மாத்துங்க, இல்லன்னா கடல அடுத்த தடவைக்கு வைங்க. இன்னைக்குப் பனிமய மாதா கோயிலப் பாத்துட்டு, மக்ரூன் வாங்கிட்டுப் போங்க” என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். மக்ரூன் கடை எங்கே என்று கேட்பவர்களும் உண்டு.