பறக்கும் படகும் ஆயாவின் ஆட்டுக்கல்லும்

பறக்கும் படகுன்னதும் விட்டலாச்சார்யா படம்னு நினைச்சுடாதீங்க மக்களே. தண்ணியிலேயே இறங்கி, தண்ணியிலிருந்தே கிளம்புற நிஜ விமானம். ஜப்பானின் கவானிஷி எச்6கே. 1934ல் கடற்படை கேட்டது, 1936 ஜூலையில் பறந்தேவிட்டது. நாலு எஞ்சின், 40 மீட்டர் இறக்கை. எங்க கச்சிராயபாளையத்து கோமுகி அணையில் இது இறங்கினா எப்படியிருக்கும்னு அடிக்கடி கற்பனை ஓடும்!

கஷ்டமே தண்ணியை விட்டுக் கிளம்புறதுதான். ஈரத் தரையில் ஒட்டின வாழையிலையை எடுத்துப் பாருங்க, லேசில் வராது. படகோட அடிவயித்தையும் தண்ணி அப்படித்தான் பிடிச்சுக்கும். அதுக்குன்னே அடியில் படி மாதிரி ஒரு வெட்டு. வேகமெடுத்ததும் அதுவழியா காத்து புகுந்து பிடி விட்டுடும்.

வேடிக்கை என்னன்னா, ஜப்பானுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே வெள்ளைக்காரன்தான். 1921ல் செம்பில் தலைமையில் ஒரு குழு போய்ப் பயிற்சி கொடுத்தது, கூடவே எஃப்.5 பறக்கும் படகுகளும் போச்சு. 1930ல் ஷார்ட் பிரதர்ஸ் கம்பெனி கவானிஷிக்காகவே இங்கிலாந்தில் ஒரு படகு கட்டிக்கொடுத்தது. காசு வருதுல்ல!

1942 மார்ச்சில் அந்தமான் ஜப்பான் கைக்குப் போனதும் எச்6கே போர்ட் பிளேயருக்கே வந்துடுச்சு. பாடம் சொன்னவங்க அதே வருஷம் செங்குன்றம் ஏரியில் அமெரிக்க கேட்டலினா படகுகளை இறக்கி வங்கக்கடலைக் காவல் காத்தாங்க.

அதுக்கு முன்னாடியே, ஏப்ரலில், குண்டு விழப்போகுதுன்னு மதராஸ் பாதி காலி. எங்க ஆயா வீட்டு ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தது அப்பதான். ஆட்டுக்கல்லை மட்டும் தூக்க முடியாம விட்டுட்டு வந்துட்டோம்னு ஆயா கடைசி வரைக்கும் புலம்பும்.