ஒன்பதாம் எண் யாருக்கு?

ஜேடிதி லீக்கை வெல்லும் என்று சொல்ல ஜோசியக்காரர் தேவையில்லை. 2014இல் முதன்முதலாக மலேசிய சூப்பர் லீக்கை வென்ற அணி, 2024-25 சீசன்வரை அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தொடர்ந்து 11 முறை. 2014இல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, எஸ்பிஎம் எழுதி முடிக்கும்வரை வேறொரு சாம்பியனைப் பார்த்ததில்லை.

அப்படியிருந்தும் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து தாக்குதல் வரிசையை எடை போடுகிறோம். தினமும் மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் பள்ளித் தோழன், தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அவனுடைய அக்கா, பாசிர் கூடாங்கில் கண்டெய்னர் லோரி ஓட்டும் அண்ணன், நான். கோல் காப்பவரைப் பற்றியோ தற்காப்பைப் பற்றியோ நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஜொகூரில் தற்காப்புக்குக் கவலைப்படுகிறவன் மழைக்காலத்தில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் கவலைப்படுகிறவன் மாதிரி. யார் கோல் அடிப்பார்கள், யார் பெஞ்சில் உட்காருவார்கள், யாரை அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் பேச்சு.

2025 ஜூலையில் போட்ட கணக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. பட்டியலில் முதல் பெயர் பெர்க்சன் டா சில்வா. 2021இல் வந்த பிரேசில்காரர். 2022 சீசனில் ஓர் அணிக்கு மொத்தமே 22 லீக் ஆட்டங்கள்தான். அவர் அடித்தது 29 கோல். வலது ஓரத்தில் அரிஃப் அய்மான். 2002இல் பிறந்தவர், 2020இல் முதல் அணிக்குள் வந்தவர், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் திரும்பத் திரும்ப வாங்குபவர். பந்தை அவர் காலில் கொடுத்துவிட்டால் எதிரணியின் இடது பக்கம் முழுக்கக் கலைந்துபோகும். ஸ்பெயினிலிருந்து அகேர் அகேட்சே புதிதாக வந்திருந்தார். துருக்கி லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஜோவாவ் ஃபிகெய்ரேடோவும் வந்திருந்தார்.

எனக்குத் தொழில்புத்தி. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், எந்த ஒரு பாகம் பழுதானால் எல்லாம் நின்றுபோகும் என்றுதான் முதலில் கேட்பேன். "பெர்க்சனுக்கு 34 வயசு. அவரு காலு நின்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"வயசானா என்னடா தம்பி, அவன் ஓடவா செய்யிறான்? பெட்டிக்குள்ள சரியான எடத்துல நிக்கிறான். அதுக்குத்தான் காசு" என்றார் அண்ணன்.

அது உண்மைதான். வேகத்தால் வாழும் ஆட்டக்காரனை வயது சீக்கிரம் பிடித்துவிடும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும். இருந்தாலும் மாற்று வேண்டும். ஃபிகெய்ரேடோதான் அந்த மாற்று என்று மூன்று பேர் ஒத்துக்கொண்டோம். அதில் எங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சியும் இருந்தது. அவர் மலேசிய ஆட்டக்காரராகப் பதிவாகியிருந்தார், அதனால் வெளிநாட்டு இடம் ஒன்று மிச்சம்.

அக்கா மட்டும் பட்டியலைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "சரி, ஒன்பதாம் நம்பருக்கு இங்க பொறந்து இங்க வெளையாண்ட பையன் யாரு?"

யாருக்கும் பதில் வரவில்லை.

*

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அப்பா தலைமுறைக்கு ஜொகூர் என்றால் 1991. லீக், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஒரே ஆண்டில் ஜொகூர் வென்றது. அந்த அணியிலும் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அப்பாஸ் சாட் பெயரை அப்பா இன்றைக்கும் சொல்வார். ஆனால் அதே மூச்சில் நாசிர் யூசோப் பெயரையும் சொல்வார். உள்ளூர் ஸ்ட்ரைக்கர் ஒருவர் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்தில் நின்று கோல் அடித்த காலம் அது.

2013இல் துங்கு இஸ்மாயில் ஜொகூர்க் காற்பந்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது எனக்குப் பள்ளிப் பருவம். டானி குயிசா வந்தார். 2007-08இல் ஸ்பானிய லீக்கில் அதிக கோல் அடித்தவர், யூரோ 2008 வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தவர், லார்க்கின் அரங்கில் நடந்து வந்தால் யாருக்குத்தான் கண் இமைக்கும்? 2014இல் பாப்லோ அய்மார். மெஸ்ஸி சின்ன வயதில் யாரைப் பார்த்து வளர்ந்தாரோ அவர். காயத்தோடு சில ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டுப் போனார். அந்த ஆண்டு கோல் அடித்துக் கிண்ணம் வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர் இன்னோர் அர்ஜென்டினாக்காரரான லூசியானோ ஃபிகுவேரா. 2015 அக்டோபர் 31, துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைத் தூக்கிய முதல் தென்கிழக்காசிய அணி ஆனோம். கோல் லியாண்ட்ரோ வெலாஸ்கேஸ். 2022இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கொரியாவின் உல்சானை இரண்டு முறை 2-1 என்று தோற்கடித்துக் குழுவில் முதலிடம் பிடித்தோம்.

இந்த இரவுகளில் எதையும் நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன். நாங்கள் ஜொகூர்க்காரர்கள் என்று ஒரே குரலில் கத்தக் கிடைத்த இடம் அந்த அரங்குதான். சீனன், மலாய்க்காரன், தமிழன் என்று யாரும் பிரித்துப் பார்த்து டிக்கெட் கிழிப்பதில்லை. ஆனால் ஒன்பதாம் எண்ணின் வேலையைச் செய்தவர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஃபிகுவேரா, பெரேரா டியாஸ், டியோகோ, பெர்க்சன். இடையில் உள்ளூர் ஸ்ட்ரைக்கர்கள் வராமல் இல்லை. நோர்ஷாருல் இட்லான் இருந்தார். 2010 ஆசியான் கிண்ணத்தில் 5 கோல் போட்டு அதிக கோல் அடித்தவரான சாஃபி சாலி வந்தார். ஹஸ்வான் பக்ரி வந்தார். அணி வென்றுகொண்டே இருந்தது, முன்னால் நின்ற முதல் பெயர் மட்டும் வெளியூரிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

அரிஃப் அய்மான் எப்படித் தப்பித்தார் என்பதை யோசித்தால் ஒன்று புரியும். அவர் ஓர ஆட்டக்காரர். பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கினாலும் ஓரத்தில் இரண்டு பேரை ஏமாற்றிக் காட்டினால் பயிற்சியாளர் கண்ணில் பட்டுவிடலாம். ஸ்ட்ரைக்கருக்கு அது முடியாது. மூன்று வாய்ப்பைத் தவறவிட்டு நான்காவதை அடிப்பவன்தான் ஸ்ட்ரைக்கர். அந்த மூன்று தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும் அணி வேண்டும், நிமிடங்கள் வேண்டும். பெர்க்சன் மாதிரி ஒருவர் இருக்கும் அணியில் எவனுக்கு மூன்று தவறுகள் கிடைக்கும்?

கீழே இருந்த படிகளும் குறைந்துவிட்டன. ஜேடிதியின் இரண்டாம் அணி 2022வரை இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில், ஊதியத்துக்கு ஆடும் பெரிய ஆட்களை எதிர்த்து ஆடியது. 2023இல் அந்த லீக்கே இல்லாமல் போய், இளையோருக்கான எம்எஃப்எல் கிண்ணம் வந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆன கிளப், 2022இல் பி. மணியம் பயிற்சியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக் ஆடியது. அந்தச் சீசனோடு விலகிக்கொண்டது. 2025இல் கெடாவும் பேராக்கும் இல்லை. ஓர் இருபது வயது ஸ்ட்ரைக்கர் தவறு செய்து பழகக்கூடிய திடல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

எஸ். குணாளனை எடுத்துக்கொள்ளுங்கள். கே. ராஜகோபால் பயிற்சியில் 2010 ஆசியான் கிண்ணத்தை வென்ற அணியின் ஓர ஆட்டக்காரர். ஜேடிதிக்கு 2015இல் வந்தார். முன்னால் இடமில்லை, வலது தற்காப்புக்கு இறங்கினார், அங்கேயே பல ஆண்டுகள் நன்றாக ஆடினார். அவருடைய பெயரை அரங்கில் கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சிலிர்க்கும். அந்த 2010 அணியில் குடியுரிமை பெற்று வந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

கிளப்பில் வளராத ஸ்ட்ரைக்கர் தேசிய அணியில் மட்டும் எங்கிருந்து முளைப்பான்? அங்கேயும் தேட வேண்டியதாயிற்று. ஃபிஃபா விதி எளிமையானது. ஒரு நாட்டுக்கு ஆட, அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். புதிதாகக் குடியுரிமை பெற்றவன் என்றால், அவனோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விதி சொல்லும் அளவு ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பாட்டி வழியில் வருபவர்களை மலாயில் வாரிசான் ஆட்டக்காரர் என்பார்கள். நம்முடைய 'வாரிசு'ம் அந்த 'வாரிசா'னும் ஒரே அரபு வேரிலிருந்து வந்த சொற்கள்.

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில். வியட்நாமை மலேசியா 4-0 என்று அடித்தது. முதல் கோல் ஃபிகெய்ரேடோ, இரண்டாவது ரொட்ரிகோ ஹோல்காடோ. கடையில் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். லோரி அண்ணன் மேசையில் ஏறாத குறை. ஜூலையில் ஃபிகெய்ரேடோவைப் பட்டியலில் இரண்டாவதாக எழுத அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 26இல் ஃபிஃபா தீர்ப்பு வந்தது. ஏழு வாரிசான் ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஏழு பேரில் மூன்று பேர் ஜேடிதிக்காரர்கள். சங்கம் மேல்முறையீடு செய்தது, நவம்பர் தொடக்கத்தில் ஃபிஃபா அதைத் தள்ளியது, பிறகு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். அக்டோபரில் ஃபிஃபா வெளியிட்ட விளக்கத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் தாத்தா அல்லது பாட்டி பிறந்த இடம் இரண்டு விதமாக இருந்தது: கொடுக்கப்பட்ட ஆவணத்தில் ஒன்று, ஃபிஃபா தேடி எடுத்த அசல் பதிவில் இன்னொன்று. ஃபிகெய்ரேடோவின் பாட்டிக்குக் கொடுக்கப்பட்ட ஆவணத்தில் பிறந்த இடம் ஜொகூர். அசலில் பிரேசிலின் ஓர் ஊர்.

"ஜொகூர்ல எங்கயாம்? சிகாமாட்டா, மெர்சிங்கா?" என்று அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

என் பாட்டி ஜொகூரில் பிறந்தவர். கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஜப்பான்காரன் காலத்தில். ஆயக்கொட்டகையில் வளர்ந்து, பதினான்கு வயதில் பெரட்டுக்கு நின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர். பிறப்புச் சான்று இல்லை. தோட்டத்துக் கிராணி எழுதி வைத்த தாள்கள் தோட்டம் கைமாறியபோது போய்விட்டன. கடைசிவரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. அப்பா எத்தனையோ முறை அழைத்துக்கொண்டு போனார். பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். ஒரு கவுண்டரில் மலாய் பேசச் சொல்லிப் பார்த்தார்கள். பாட்டி, தோட்டத்து மண்டோரிடம் பேசும் மலாயில் பதில் சொன்னார், அது போதவில்லை. 2016இல் இறந்தபோது அந்த அட்டையைத்தான் ஒப்படைத்தோம்.

ஃபிகெய்ரேடோ மேல் எனக்குக் கோபம் இல்லை. கோல் அடிக்கக் கூப்பிட்டார்கள், வந்தார், அடித்தார். ஆட்டக்காரர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தீர்மானிக்க நான் ஆளில்லை. என்னைத் தொந்தரவு செய்வது அந்த ஒரு சொல்தான். ஒரு ஸ்ட்ரைக்கர் தேவைப்பட்டபோது, உலகின் இன்னொரு மூலையில் பிறந்த மூதாட்டிக்கு 'ஜொகூர்' என்று காகிதத்தில் எழுத யாருக்கோ முடிந்திருக்கிறது. ஜொகூரில் பிறந்து ஜொகூர் மண்ணிலேயே புதைந்த மூதாட்டிக்கு அதே சொல்லை எழுதித் தர ஆளில்லை.

*

இந்த ஆண்டும் பட்டியல் போடுவோம். அதில் ஒரு மாற்றத்தை நான் முன்வைத்திருக்கிறேன். பெயருக்கு எதிரே கோல் எண்ணிக்கை, வயது, வெளிநாட்டு இடமா இல்லையா என்று எழுதுகிறோம் அல்லவா? இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: 23 வயதுக்குக் குறைந்த உள்ளூர் ஸ்ட்ரைக்கருக்குக் கிடைத்த நிமிடங்கள்.

தோழன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆசியாவுல ஜப்பான்காரனோட மோதணும்னா பெர்க்சன்தான் வேணும். ஓங்க பத்திய வச்சிக்கிட்டு உராவாகிட்ட அஞ்சு கோல் வாங்கவா?" என்றான். 2022இல் உராவாவிடம் 5-0 என்று தோற்றபோது பெர்க்சன் நம் அணியில்தான் இருந்தார் என்று அக்கா ஞாபகப்படுத்தினார். அவன் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு வேறு காரணம் கண்டுபிடித்தான்.

அக்காவின் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பையன்கள் முன்னால் நின்று ஆடச் சண்டை போடுகிறார்கள் என்பார். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பேரைப் பயிற்சியாளர் ஓரத்துக்கோ பின்னுக்கோ தள்ளுகிறார். அந்தப் பையன்களை நாளைக்கே இஸ்கண்டார் புத்ரி அரங்கில் இறக்குங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சீசனில் ஜேடிதி நாலு கோல், ஐந்து கோல் முன்னிலையில் நிற்கும் ஆட்டங்கள் எத்தனை வருகின்றன! அந்த நேரத்தில் பார்க்கிங்கில் நெரிசல் வருமுன் கிளம்பிவிட வேண்டும் என்று பாதிக் கூட்டம் எழுந்து போகிறது. கடைசி 30 நிமிடம் யாரும் பார்க்காத ஆட்டம். மூன்று வாய்ப்பைத் தவறவிட அதைவிட நல்ல இடம் வேறு எங்கே கிடைக்கும்? ஒன்பதாம் எண்ணோடு ஒரு கூலாய்ப் பையன், ஒரு குளுவாங் பையன் அப்போது இறங்கினால், நாங்கள் நாலு பேரும் கடைசி விசில்வரை உட்கார்ந்திருப்போம்.