ஜீயபுரத்துக் கரையில்

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், வாழைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே அமைந்த ஊர் ஜீயபுரம். வடக்கே காவிரி. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் இவ்வட்டாரத்து வயல்களுக்கு நீர் தருகிறது. மேற்கே சற்றுத் தொலைவில் முக்கொம்பு. 1836இல் ஆர்தர் காட்டன் அமைத்த மேலணை அங்குதான் எழுந்தது. கிழக்கே கம்பரசம்பேட்டையில், ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து திருச்சி மாநகருக்குக் குடிநீர் செல்கிறது.

மணல் நல்ல வடிகட்டி; சேற்றையும் கசடையும் தடுத்துவிடும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட உப்பையும் நஞ்சையும் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. எனவே நாம் பருகும் நீரின் நலம், மேற்கே வெகு தொலைவில் வாழ்வோரின் கையில் இருக்கிறது.

அத்தொலைவில் நடந்த ஒரு வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம். திருப்பூர் வழியே வரும் நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பாசனத்திற்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கிணறுகள் கெட்டன, நிலம் உவர்ந்தது. தனித்தனியே புலம்பிய உழவர்கள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமாக ஒன்றுகூடி நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழலாகாது என்ற நிலையை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் வகுத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனையோ ஏழைத் தொழிலாளர் வேலையிழந்து வாடினர் என்பதையும் மறைக்கலாகாது. நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் படிப்படியாக இயங்கின. முன்பே அதைச் செய்திருந்தால் இருசாராரின் கண்ணீரும் மிஞ்சியிருக்கும்.

அவ்வுழவர்கள் தங்கள் வயலுக்காகவே வழக்காடினர். எனினும், தாம் முகமறியாத நம் இல்லத்துக் குழந்தைகளின் தண்ணீருக்கும் அவர்களே காவலராயினர். நமக்குக் கிழக்கேயும் அவ்வாறே முகமறியாத குடும்பங்கள் உள்ளன. நம் வயலில் அளவின்றி இடும் உரமும் மருந்தும், நம் வாய்க்காலில் எறியும் குப்பையும் அவர்களிடமே போய்ச் சேரும்.

தூய குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துரைத்தார். யாக்கோபு தந்த கிணற்றில் அவரும் பிள்ளைகளும் மட்டுமா பருகினர்? பல தலைமுறைகளுக்குப் பின், களைத்து வந்தமர்ந்த நம் ஆண்டவரும் அங்கேதான் தண்ணீர் கேட்டார். நாம் காக்கும் நீரை நாளை யார் வந்து கேட்பாரோ! ஜீயபுரத்துக் கரையில் நிற்கும்போது மேற்கே பார்த்து நன்றி கூறுவோம். கிழக்கே பார்த்துக் கடமையை உணர்வோம்.