விட்டுப்போன பெட்டி

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் ஒரு ரயில் வண்டி கட்டினேன். 47 வயதான பள்ளிக்கூட உபாத்தியாயர் செய்யத் தகுந்த காரியமா இது என்று நேயர்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். "குழந்தைக்கு வாங்கிய லெகோ கட்டைகள் வீணாய்க் கிடக்கின்றனவே" என்று சமாதானம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

வில்லியனூரில் பிறந்தவனுக்கு ரயில் மேல் மோகம் இருப்பதில் ஆச்சரியமில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு எங்கள் ஊர் வழியாக 1879-ஆம் வருஷத்தில் ரயில் வந்துவிட்டது. பிரிட்டிஷ் மண்ணில் புறப்பட்டுப் பிரெஞ்சு மண்ணில் போய் நின்ற வண்டி அது. எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டைகளைக் குடைந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2004-இல் அது அகலப் பாதையாயிற்று. இன்று டில்லிக்கும் ஹௌராவுக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லும் வண்டிகள் எங்கள் ஊரைக் கடந்து போகின்றன. அவற்றுள் கன்னியாகுமரி வண்டியைச் செய்வதென்று தீர்மானித்தேன்.

இந்தக் கட்டைகள் டென்மார்க் தேசத்தவை. குமிழும் குழாயும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இப்போதைய அமைப்புக்கு 1958-இல் அங்கே காப்புரிமை கோரினார்கள். 1966-இல் மின்சாரத்தால் ஓடும் ரயிலும் வந்தது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். இந்த ஓர் அளவைக் கொண்டு உலகத்திலுள்ள எந்த ரயிலையும் கணக்குப் போட்டுவிடலாம்.

நம் அகலப் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். பொம்மைத் தண்டவாளத்தின் உள் அகலம் சுமார் 37½ மில்லிமீட்டர். ஆகவே எல்லாவற்றையும் ஏறக்குறைய 45-இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். பெரம்பூர்த் தொழிற்சாலையில் 1955 முதல் 2018 வரையில் செய்யப்பட்ட பழைய அமைப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் நீளம் சுமார் 21.3 மீட்டர். கணக்கிட்டால் 60 குமிழ் வருகிறது. அகலத்துக்கு 9 குமிழ். அதாவது ஒரு பெட்டியே ஒன்றரை அடிக்கு மேல். இருபது பெட்டிகளைக் கோத்தால் வண்டி கூடத்தில் புறப்பட்டுத் தெருவில் போய் முடியும்! போதாக்குறைக்குப் பொம்மைத் தண்டவாளத்தின் வளைவு 32 சென்டிமீட்டர் ஆரமுள்ளது. அவ்வளவு நீளப் பெட்டி அதில் திரும்பவே திரும்பாது.

ஆகையால் இக்கலையில் தேர்ந்தவர்கள்கூடப் பெட்டியின் நீளத்தைக் குறைக்கிறார்கள். பெட்டிகளின் எண்ணிக்கையையும் குறைக்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் கட்டுகிறவனுடைய மனம் வெளிப்படுகிறது. நான் ஒவ்வொரு பெட்டியையும் 30 குமிழில் அடக்கினேன். எஞ்சினுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி இரண்டு, படுக்கை வசதிப் பெட்டி இரண்டு. அத்துடன் நீலக் கட்டைகள் தீர்ந்துவிட்டன.

வண்டி ஓடிற்று. என் மகள் கைகொட்டினாள். என் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு கண்ணு. நாம போன பெட்டி எங்கே?" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. முன்பதிவில்லாத பெட்டியை நான் செய்யவேயில்லை. எஞ்சினை அடுத்தும் வண்டியின் கடைசியிலும் அல்லவா அது இருக்கும்? அந்த இரண்டு கோடிகளையும் நான் ஒரு யோசனையுமின்றி வெட்டி எறிந்திருந்தேன். காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதியை 1917-இல் ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. அந்தப் பெட்டியின் ஜனங்களை என் கூடத்து ரயிலிலிருந்து நான் ஒழித்துவிட்டேன்.

1996-இல் என்னைத் திருச்சியில் கல்லூரியில் சேர்க்க அம்மாதான் அழைத்துச் சென்றார். விழுப்புரத்தில் வண்டி மாறினோம். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடிவரை அவர் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே அந்தத் தகரப் பெட்டிமேல் என்னை உட்காரவைத்து, திருச்சிவரை அவர் நின்றுகொண்டே வந்தார். மாலையில் என்னை விடுதியில் விட்டுவிட்டுத் தனியே திரும்பினார். அதற்குமுன் விழுப்புரத்துக்கு அப்பால் அவர் போனதே கிடையாது.

எப்படித் திரும்பினார் என்று இத்தனை வருஷங்களில் நான் ஒரு தடவையாவது கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"வாசப்படிகிட்ட குந்திக்கிட்டே வந்தேன். தூங்கினா விழுப்புரம் போயிடுமோன்னு பயம். விடியக்காலம் இறங்கி, முதல் வண்டி பிடிச்சு வில்லியனூர் வந்தேன். அன்னைக்கு நடவு இருந்துச்சு. நேரா வயலுக்குப் போயிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ வெகுநேரம் பேச வரவில்லை.

அன்று மாலையே குளிர்சாதனப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். கண்ணாடிச் சன்னல் இருந்த இடத்தில் கம்பி போன்ற துண்டுகளை வைத்தோம். நீலம் போதாத இடங்களில் சிவப்பும் மஞ்சளும் விழுந்தன. பெட்டி ஒட்டுப் போட்ட சேலைபோல் ஆயிற்று. அதை எஞ்சினுக்கு அடுத்தாற்போல் மாட்டினோம். என் மகள் ஒரு பெண் பொம்மையைத் தேடி எடுத்து அதன் வாசலில் நிறுத்தினாள். டாக்டர் உடை தரித்த பொம்மை, வேறு கிடைக்கவில்லை.

"ஆயா, இதுதான் நீங்க" என்றாள்.

அம்மா மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நிக்க வைக்காதே அம்மா. திரும்பி வரச்சே உட்கார்ந்துதான் வந்தேன்" என்றார்.

என் மகள் பொம்மையின் கால்களை மடக்கி வாசற்படியண்டை உட்கார வைத்தாள். வண்டி புறப்பட்டது.