தாங்கும் கையும் ஊன்றும் கோலும்

நடக்க முடிந்தவரை நடையின் அருமையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. படுக்கையிலிருந்து கழிவறை வரையுள்ள பத்தடித் தொலைவு எத்துணைப் பெரிய பயணம் என்பதை, அந்த நடையை இழந்தவரே அறிவர்.

ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மேடும் பள்ளமுமான நிரைகளில் நடந்து நடந்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். முதுமையில் தேய்ந்துவிட்ட அவருடைய இடுப்பு மூட்டுக்குப் பதிலாக, 2012ஆம் ஆண்டில் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர், உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை 1962இல் பொருத்தத் தொடங்கியது முதல் எண்ணற்றோர் மீண்டும் நடை பெற்றுள்ளனர். மூதாட்டியும் சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தார்.

பின்னர் அம்மூட்டில் கிருமி தொற்றியது. செயற்கைப் பொருளின் மேல் படிந்துவிட்ட கிருமியை மருந்தால் மட்டும் அழித்தல் அரிது. திறந்து கழுவியும் சீழ் நிற்கவில்லை. இறுதியில் மூட்டையே எடுத்துவிட்டனர். முதுமையையும் நீரிழிவையும் கருதி, இன்னொரு மூட்டு வைப்பதில்லை என முடிவாயிற்று.

மூட்டில்லாத கால் நடக்குமா? நடக்கும். காசநோயாலும் சீழாலும் அழிந்த இடுப்பு மூட்டை வெட்டி நீக்கும் முறையை, செயற்கை மூட்டுகள் பரவுவதற்கு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய கேர்டில்ஸ்டன் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூட்டிருந்த இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்து எலும்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கால் சில சென்டிமீட்டர் குட்டையாகும். நடை ஒரு பக்கம் சாயும். களைப்பு விரைவில் வரும். ஆயினும் நோய் தணிந்த காலைப் பழக்கினால் வீட்டுக்குள்ளேனும் நடமாட முடியும்.

அந்தப் பழக்கத்திற்கு முதல் தடையாக நின்றது அன்பே. மகன் தாயைக் கைகளில் ஏந்திச் சென்றார். மருமகள் படுக்கையிலேயே சோறூட்டினார். "நீங்கள் அசைய வேண்டாம், அம்மா" என்பதே இல்லத்தின் வேதமாயிற்று. மூன்று திங்களில் நல்ல காலும் வலுவிழந்தது. உடற்பயிற்சி அளிக்க வந்த பெண்மணி ஒரே சொல்லில் உண்மையை உணர்த்தினார்: "தூக்காதீர்கள்; நிற்க விடுங்கள்."

அன்று தொடங்கியது பயிற்சி. குட்டையான காலின் காலணிக்கு அடித்தட்டு உயர்த்தப்பட்டது. நாற்காலிக்கு உயரம் கூட்டினர். வழுக்கும் விரிப்புகளை அகற்றினர். முதலில் நான்கு கால் சட்டத்தைப் பற்றி நான்கே அடிகள். பின்னர் கூடம் வரை. மாதங்கள் கழிந்தபின் ஊன்றுகோல் வந்தது. அதை நோயுற்ற காலின் பக்கமன்று, எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதையும், படி ஏறுகையில் நல்ல கால் முன்னும், இறங்குகையில் நோயுற்ற கால் முன்னும் செல்ல வேண்டும் என்பதையும், பள்ளிச் சிறுமிபோல் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மூதாட்டி பழகினார்.

ஓர் ஆண்டு கடந்தது. ஒரு நள்ளிரவில் கோல் தரையில் ஊன்றும் ஒலி கேட்டு மகன் விழித்தார். பதறி எழுந்து வாயில்வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். இருளில் நின்றபடி ஒவ்வோர் ஊன்றலையும் எண்ணினார். கழிவறைக் கதவு திறந்தது, மூடியது, நீர் ஓடியது, கோலின் ஒலி மெல்லத் திரும்பிப் படுக்கையில் அடங்கியது. அதன் பின்னரே அவர் தம் அறைக்குச் சென்றார்.

காலையில் மூதாட்டி அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எவரையும் எழுப்பாமல் போய்வந்த நிறைவு மட்டும் முகத்தில் இருந்தது. மகனும் கேட்கவில்லை. தாங்கும் கைக்குத் தாங்காமல் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர் அவ்விரவில் கற்றுக்கொண்டார்.