அத்தாவின் சைக்கிளும் இரண்டு துளைகளும்



அத்தா மறைந்து நான்கு மாதங்கள் கழித்து, பழவேற்காட்டு வீட்டின் பின்கட்டில் இருந்த பொருள்களைக் கணக்கெடுத்தோம். பாகப்பிரிவினை என்று சொல்லும் அளவுக்குப் பெரிய சொத்து எதுவும் இல்லை. இரண்டு மரப்பெட்டிகள், ஒரு தையல் இயந்திரம், கைலி மூட்டை கட்டும் கயிறுகள், சுவரில் சாய்ந்து நின்ற ஒரு பழைய சைக்கிள். அவ்வளவுதான். மற்றவற்றைப் பிரிப்பதில் எங்களுக்குள் ஒரு சொல்கூட உரசவில்லை. அந்தச் சைக்கிள்தான் எங்களைச் சோதித்தது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று ஊர் ஊராக அந்தச் சைக்கிளில்தான் அத்தா கைலி விற்றார். 1968-இல் யாரிடமோ பழையதாக வாங்கியது. 'இது சீமை சைக்கிள்' என்று அவர் சொல்லிக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அதில் எந்தப் பெயரும் இல்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டுமே இருந்தன. செயின் வீல், ஃபோர்க், பெடல், சக்கரங்கள் எல்லாம் பலமுறை மாற்றப்பட்டவை. ஃப்ரேம் மட்டுமே முதலிலிருந்து அப்படியே இருந்தது. அதன் மீதும் பல பூச்சு வண்ணம் ஏறியிருந்தது.

தம்பி அதைப் படம் எடுத்து, பழைய சைக்கிள்களைச் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவருக்கு அனுப்பினான். 'இங்கிலாந்தில் செய்த ராலே என்றால் 20,000 ரூபாய் தருகிறேன். நம் நாட்டில் செய்ததென்றால் 4,000-க்கு மேல் இல்லை' என்றார் அவர். இரண்டும் இல்லை என்றால் கும்மிடிப்பூண்டி உலைகளுக்குப் போகும் பழைய இரும்போடு சேர வேண்டியதுதான்.

நான் சிப்காட் வளாகத்தில் ஒரு சிறிய இயந்திரப் பட்டறையில் தரப் பரிசோதகன். அளப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே, 'செய்தவர் யார் என்று நான் கண்டுபிடிக்கிறேன்' என்று பொறுப்பேற்றேன். உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அது ராலேயாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

நம் நாட்டுச் சைக்கிளின் வரலாறு தெரிந்தால்தான் இந்தச் சிக்கல் புரியும். சுதந்திரத்துக்கு முன்பு நம் ஊர்ச் சாலைகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வந்தவை. நாட்டிங்காமின் ராலே, பர்மிங்காமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் ஆகியவை அவற்றில் புகழ்பெற்ற பெயர்கள். பிறகு இங்கேயே தொழிற்சாலைகள் எழுந்தன. 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. ஹெர்குலிஸ் அங்கே உருவானது. மேற்கு வங்கத்தில் ஆசன்சோல் அருகே சென்-ராலே, 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ எனப் பல நிறுவனங்கள் வளர்ந்தன. எல்லாரும் செய்தது ஏறக்குறைய ஒரே வடிவம்: கறுப்பு வண்ணம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், நீண்ட சாய்வான ஃபோர்க். தகட்டைக் கழற்றிவிட்டால் சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

ஆனால் இரும்பில் சில அடையாளங்கள் மிஞ்சும். குழாய்கள் சேரும் இடத்தில் உள்ள லக்குகளின் வடிவம், பின்பக்கக் குழாய்களின் முனை தட்டப்பட்டிருக்கும் விதம், எண் குத்தப்பட்டிருக்கும் இடம், பெயர்த்தகட்டுத் துளைகளின் இடைவெளி ஆகியவை. இவற்றை எல்லாம்விட ராலேயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப் திருகப்படும் மரையில், மற்ற ஆங்கிலேய நிறுவனங்கள் அங்குலத்துக்கு 24 புரிகள் வைத்தபோது, நாட்டிங்காம் ராலே தனக்கென்று 26 புரிகள் வைத்திருந்தது. பெயரை அழிக்கலாம், வண்ணத்தை மாற்றலாம், மரையை மாற்றுவது எளிதன்று.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் காட்டர் பின்களைத் தட்டிக் கழற்றி, கப்பை வெளியே எடுத்தேன். மரையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு 26-ஆம் எண் பிட்ச் கேஜை வைத்தேன். பொருந்தவில்லை. அழுக்கு இருக்கும் என்று எண்ணி மீண்டும் துடைத்துவிட்டு வைத்தேன். பொருந்தவில்லை. கொஞ்சம் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அழுத்திப் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டறையில் ஒரு பையன் கேஜை இப்படி அழுத்தினால் நான் விட்டுவைக்க மாட்டேன். 24-ஐ எடுத்து வைத்தேன். பல்லோடு பல் சேர்ந்து உட்கார்ந்தது. அது நாட்டிங்காம் ராலே இல்லை.

செய்தி கேட்ட தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு தன் பையிலிருந்து ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே பளபளக்கும் ராலே பெயர்த்தகடு. பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்களுக்காக விற்கப்படும் நகல் தகடு அது.

'அண்ணே, இதை வைத்து இரண்டு ஆணி அடித்தால் முடிந்தது. வாங்குகிறவர் கப்பைக் கழற்றியா பார்க்கப்போகிறார்? அத்தாவும் சீமை சைக்கிள் என்றுதானே சொன்னார்? நாம் புதிதாக என்ன பொய் சொல்கிறோம்?'

அவனைப் பேராசைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தங்கையின் மகளுக்குக் கல்லூரி விடுதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதை மனத்தில் வைத்துத்தான் அவன் பேசினான். நானும் உடனே மறுக்கவில்லை. தகட்டைத் துளைகளின் மேல் வைத்துப் பார்த்தேன். இடைவெளி ஒத்துவரவில்லை, புதிதாக ஒரு துளை போட வேண்டியிருக்கும். கையில் டிரில் இருந்தது.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது, நம்மில் பலரும் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கும் அந்தச் சம்பவம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வணிகராவது ஈரத்தை மறைத்ததோடு நின்றார். நானோ இல்லாத ஒன்றைத் துளை போட்டுப் பொருத்தவிருந்தேன். டிரில்லைக் கீழே வைத்தேன்.

ராலே இல்லை என்றால் வேறு யார்? பொன்னேரியில் ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் ஃப்ரேமை எடுத்துச் சென்றேன். அவர் கடைக் கூரையில் ஒரு பழைய அம்பத்தூர் ஹெர்குலிஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தந்தை புதிதாக வாங்கிய வண்டி. தகடும் கழலாமல் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். 'பாய், பெயரைத் தேடாதீங்க. தெரிந்த ஒன்றோடு தெரியாததை ஒத்துப் பாருங்க' என்றார்.

லக்குகளின் விளிம்பு ஒத்திருந்தது. பின் குழாய்களின் முனைகள் ஒரே விதமாகத் தட்டப்பட்டிருந்தன. அவருடைய வண்டியில் எண் இருந்த இடத்தை எங்கள் ஃப்ரேமிலும் மெல்லச் சுரண்டினோம். வண்ணத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தச்சில் எண்கள் தெரிந்தன. அவருடைய தகட்டின் ஆணிகளை ஒரு தாளில் வைத்துக் குறித்து, எங்கள் துளைகளின் மேல் வைத்தோம். கச்சிதமாகப் பொருந்தியது. 'நூற்றுக்குத் தொண்ணூறு இது அம்பத்தூர் சரக்குதான். மீதிப் பத்தை ஆண்டவன்தான் அறிவான்' என்றார் பெரியவர். இங்கிலாந்து ஹெர்குலிஸுக்கும் 24 புரிதான் என்பதால் அந்தப் பத்தை அவர் மிச்சம் வைத்தார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வீடு திரும்பும் வழியில் அத்தா சொன்னதை நினைத்துக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. விற்றவர் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார். ஹெர்குலிஸ் என்ற பெயரும் சீமையிலிருந்து வந்ததுதானே! ஆனால் அவர் சுமை ஏற்றி மிதித்த அந்த இரும்பைப் பெரும்பாலும் பற்றவைத்தவர்கள் நம் அம்பத்தூர்த் தொழிலாளர்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது எங்கள் மாவட்டத்துக்கு வந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. சீமை என்று நாங்கள் நம்பிய சைக்கிள் எங்கள் மண்ணிலேயே பிறந்திருக்கிறது.

மரையின் புரி, துளைகளின் இடைவெளி, மாற்றப்பட்ட பாகங்கள், பெரியவர் மிச்சம் வைத்த அந்தப் பத்து என எல்லாவற்றையும் எழுதி அந்தச் சேகரிப்பாளருக்கு அனுப்பினேன். நன்றி சொல்லி, தமக்கு வேண்டாம் என்றார்.

அன்றிரவு எல்லாரும் அமர்ந்து பேசினோம். சைக்கிளின் மதிப்பை 4,000 ரூபாய் என்று வைத்து, அதை நானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். ஷரீஅத் கணக்குப்படி நாற்பது பங்கு: அம்மாவுக்கு ஐந்து, எனக்கும் தம்பிக்கும் தலா பதினான்கு, தங்கைக்கு ஏழு. அம்மாவுக்கு 500, தம்பிக்கு 1,400, தங்கைக்கு 700 ரூபாய். 20,000-க்கு விற்றிருந்தால் தங்கைக்கு 3,500 கிடைத்திருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை.

தங்கை 700 ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். 'அத்தா கைலி விற்றபோது சாயம் போகுமா என்று யாராவது கேட்டால், போகும் என்றால் போகும் என்றுதான் சொல்வார். அவர் சைக்கிளை மட்டும் வேறு மாதிரியா விற்பது?' என்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். விடுதிக் கட்டணத்துக்காகத் தன் பங்கு 1,400-ஐ அவள் பக்கம் நகர்த்திவைத்தான். நானும் என்னால் இயன்றதைச் சேர்த்தேன். முழுத் தொகை அன்று சேரவில்லை. அடுத்த மாதம் மீதியைக் கட்ட அவகாசம் கேட்டுக்கொண்டோம்.

இப்போது அந்தச் சைக்கிளில்தான் கடைத்தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் போய் வருகிறேன். பெயர்த்தகடு இருந்த இடத்தில் அந்த இரண்டு துளைகளை அப்படியே விட்டிருக்கிறேன். 'இது என்ன கம்பெனி பாய்?' என்று யாராவது கேட்டால், 'பெரும்பாலும் அம்பத்தூர் ஹெர்குலிஸ்' என்று பதில் சொல்கிறேன். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விட்டுவிடாமல் இருக்கவே முயல்கிறேன்.

நம் அளவைகளை அழுத்தாமல் பிடிக்கும் கைகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. நம்மை வளர்த்தவர்களின் பிழைகளை மன்னித்து, அவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.